நான்கு பக்க ரெஸ்யூமேயில் நான் எழுதாமல் விட்ட வரி

உற்பத்தித் துறையில் 22 ஆண்டுகள் பணியாற்றி, அவற்றில் கடைசி ஒன்பது ஆண்டுகளை ஆலைத் தலைவராகவும் பிறகு மூன்று ஆலைகளுக்குப் பொறுப்பான இயக்கப் பிரிவுத் தலைவராகவும் கழித்த நிலையில், எங்கள் நிறுவனம் வேறொரு குழுமத்துடன் இணைக்கப்பட்டபோது என் பதவி இல்லாமல் போனது. இத்தனை ஆண்டு அனுபவம் இருக்கும்போது அடுத்த வேலை தானாக அமைந்துவிடும் என்று நம்பினேன். ஐந்து மாதங்களில் ஏறக்குறைய நாற்பது இடங்களுக்கு ரெஸ்யூமே அனுப்பினேன். இரண்டு இடங்களிலிருந்துதான் அழைப்பு வந்தது, அந்த இரண்டும் முதல் சுற்றைத் தாண்டவில்லை. அந்த ஐந்து மாதங்களில் செய்த தவறுகளையும், பிறகு அதே ரெஸ்யூமேயை எப்படித் திருத்தி எழுதினேன் என்பதையும் இங்கே விரிவாகச் சொல்கிறேன். உயர்பதவியில் இருந்துவிட்டு வேலை தேடுபவர்களுக்கு வெளியில் சொல்ல முடியாத ஒரு கூச்சம் இருக்கிறது. அந்தக் கூச்சத்தாலேயே பலர் யாரிடமும் கேட்காமல் ஒரே ரெஸ்யூமேயைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

என் பழைய ரெஸ்யூமே நான்கு பக்கங்கள் கொண்டது. “முடிவுகளை நோக்கிச் செயல்படும், தலைமைப் பண்பு மிக்க, பன்முக அனுபவம் கொண்ட மூத்த நிர்வாகி” என்று தொடங்கி, பார்த்த ஒவ்வொரு வேலைக்கும் பத்துப் பன்னிரண்டு பொறுப்புகளை வரிசைப்படுத்தி, கலந்துகொண்ட பயிற்சிகள் எல்லாவற்றையும் கடைசிப் பக்கத்தில் அடுக்கியிருந்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் என் பெயரை அடித்துவிட்டு என் துறையைச் சேர்ந்த வேறு எவருடைய பெயரை எழுதினாலும் அது அப்படியே பொருந்தியிருக்கும். இதை எனக்குச் சுட்டிக்காட்டியவர் உயர்பதவிகளுக்கு ஆள் தேடித் தரும் ஆலோசகர் ஒருவர். விண்ணப்பத்தை நிராகரித்த பிறகும் தாமாகவே தொலைபேசியில் அழைத்துப் பேசிய அவருடைய பெருந்தன்மையை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். “நான்கு பக்கத்தையும் படிச்சேன் சார். உங்களுக்கு என்னென்ன தெரியும்னு புரியுது. எந்தப் பிரச்சினைக்கு உங்களைக் கூப்பிடணும்னுதான் புரியல” என்றார்.

அவர் வேலை செய்யும் விதத்தைக் கேட்டறிந்தபோதுதான் எனக்குப் பாதி விளங்கியது. இத்தகைய ஆலோசனை நிறுவனங்களுக்குக் கட்டணம் தருவது வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம்தான். முதலாண்டுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது இத்துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. எனவே ஆலோசகர் நமக்காக வேலை தேடுவதில்லை. தமக்குக் கட்டணம் தரும் நிறுவனத்தின் பிரச்சினைக்குத் தீர்வாக இருக்கக்கூடியவரைத் தேடுகிறார். பத்துப் பதினைந்து பெயர்களைக் கொண்ட முதல் பட்டியலை அவர் அந்த நிறுவனத்தின் தலைமை அதிகாரி முன்னால் வைக்கும்போது, ஒவ்வொருவரையும் பற்றி வாய்மொழியாக இரண்டு மூன்று வாக்கியங்கள் சொல்கிறார். அந்த அறையில் நாம் இருப்பதில்லை. நமக்காகப் பேசுபவர் அவர். அவர் பேச வேண்டிய அந்த இரண்டு வாக்கியங்களை நம் ரெஸ்யூமே எடுத்துக் கொடுக்கவில்லை என்றால், அவற்றை அவரே உட்கார்ந்து உருவாக்க வேண்டியிருக்கும்; அதற்கு அவருக்கு நேரம் இல்லை. லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைவாய்ப்பு இணையதளம் 2018இல் கண்ணசைவைப் பதிவுசெய்து நடத்திய ஆய்வில், ஆள்தேர்வாளர்கள் ஒரு ரெஸ்யூமேயை முதல் பார்வையில் சராசரியாக 7.4 விநாடிகள்தான் பார்த்தார்கள் என்று தெரியவந்தது. என் நான்கு பக்கங்களில் அந்த ஏழு விநாடிகளுக்குள் கண்ணில் பட்டிருக்கக்கூடியவை என் பெயரும் மூன்று பெயரடைகளும்தான்.

‘பர்சனல் பிராண்டிங்’ என்ற சொல்லை அவர்தான் முதலில் பயன்படுத்தினார். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. தன்னைத்தானே விளம்பரப்படுத்திக்கொள்வது என்றே அதற்குப் பொருள் கொண்டிருந்தேன். செய்த வேலை பேச வேண்டும், நாம் பேசக்கூடாது என்று வளர்ந்த தலைமுறை எங்களுடையது. ஆனால் அவர் சொன்ன பொருள் வேறு. நம்மோடு வேலை செய்தவர்களின் மனத்தில் நம்மைப் பற்றி ஏற்கெனவே ஒரு முத்திரை பதிந்திருக்கிறது. அது என்ன என்று கண்டுபிடித்து, சான்றுகளோடு தாளில் எழுதுவதுதான் வேலை என்றார். புதிதாக எதையும் புனைய வேண்டியதில்லை என்று கேட்டதும் என் தயக்கம் பெரும்பாலும் நீங்கிவிட்டது.

அந்த முத்திரையை நானே உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க ஒரு வாரம் முயன்றேன். முடியவில்லை. ஜோசஃப் லஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் என்ற உளவியலாளர்கள் 1955இல் முன்வைத்த ‘ஜோஹாரி சாளரம்’ என்ற கருத்தில், பிறருக்குத் தெரிந்தும் நமக்குத் தெரியாத ஒரு பகுதி எல்லோரிடமும் உண்டு என்று வருகிறது. பயிற்சி வகுப்பில் அதைப் படித்தபோது குறைகளைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று எண்ணியிருந்தேன். நம்முடைய பலமும் அந்தப் பகுதியில் ஒளிந்திருக்கலாம் என்பது இப்போதுதான் உறைத்தது. நமக்கு எளிதாக வருவதை நாம் திறமையாகவே கருதுவதில்லை. யாரும் செய்வதுதானே என்று கடந்துவிடுகிறோம்.

எனவே என்னோடு வேலை செய்த எட்டுப் பேருக்கு எழுதினேன். மேலதிகாரிகள் இருவர், சக பிரிவுத் தலைவர்கள் இருவர், என்னிடம் வேலை பார்த்தவர்கள் மூவர், உதிரிபாகம் தரும் சப்ளையர் ஒருவர். எல்லோருக்கும் இரண்டே கேள்விகள்: எந்த மாதிரிச் சிக்கல் வந்தால் என்னைக் கூப்பிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும்? நான் கிளம்பிய பிறகு அங்கே மிஞ்சியது என்ன? “என் பலம், பலவீனம் என்ன” என்று கேட்காததற்குக் காரணம் உண்டு. அப்படிக் கேட்டால் கடின உழைப்பாளி, நல்ல மனிதர் என்று மரியாதைக்காக எழுதுவார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சிக்கலைப் பற்றிக் கேட்டால் நடந்த சம்பவத்தைச் சொல்வார்கள்.

பதில்கள் வந்தபோது ஒவ்வொன்றையும் பலமுறை படித்தேன். முன்னாள் மேலதிகாரி ஒருவர் எழுதியிருந்தார்: “புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டுமென்றால் உங்களைக் கூப்பிட மாட்டேன். ஓடாமல் கிடப்பதை ஓடவைக்க வேண்டுமென்றால் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவேன்.” நிதிப் பிரிவுத் தலைவர், நான் கொடுத்த எண்ணை அவர் மறுபடி சரிபார்த்ததே இல்லை என்று சொன்னார். சப்ளையர், கடைசி நேரத்தில் ஆர்டரை மாற்றாத ஒரே ஆலை எங்களுடையதுதான் என்றார். ஷிப்ட் மேற்பார்வையாளர் ஒருவர் எழுதுவதற்குப் பதிலாகக் குரல்பதிவு அனுப்பினார்: “சார், நீங்க மாட்டின போர்டு இன்னும் அங்கேயேதான் இருக்கு. மணிக்கு மணி நாங்கதான் எழுதுறோம். யாரும் சொல்றதுக்காக இல்ல.”

அந்த போர்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொடர்ந்து இலக்கைத் தவறவிட்டுக்கொண்டிருந்த ஓர் அசெம்பிளி லைனின் முனையில் நாங்கள் மாட்டிய வெள்ளைப் பலகை அது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு வரிசை. அந்த மணி நேரத்தில் எத்தனை வர வேண்டும், எத்தனை வந்தது, குறைந்திருந்தால் ஏன், யார் எப்போதுக்குள் பார்ப்பார் என்று நான்கு கட்டங்கள். முதல் சில வாரங்களில் ‘ஏன்’ என்ற கட்டத்தில் “மெஷின் கோளாறு” என்றுதான் எழுதுவார்கள். நான் தினமும் காலை அதன் முன்னால் பத்து நிமிடம் நின்று, எந்த மெஷின், என்ன கோளாறு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மூன்று மாதம் கழித்து அதே கட்டத்தில் “3ஆம் ஃபிக்ஸ்சரில் சென்சார் தளர்ந்தது, 11 நிமிடம்” என்று எழுதத் தொடங்கினார்கள். அங்கிருந்துதான் லைன் சீராக ஓட ஆரம்பித்தது. இத்தனையையும் என் பழைய ரெஸ்யூமேயில் எப்படி எழுதியிருந்தேன் தெரியுமா? “லீன் உற்பத்தி முறைகளை நடைமுறைப்படுத்தினேன்.” அந்த ஆலையிலிருந்து நான் போய் இரண்டு ஆண்டுகள் ஆன பிறகும் ஒருவர் நினைவில் வைத்திருந்த ஒன்றை நான்கே சொற்களில் கரைத்திருந்தேன்.

எட்டுப் பதில்களையும் ஒரே தாளில் எழுதி, திரும்பத் திரும்ப வந்த கருத்துகளைக் கோடிட்டபோது இரண்டு இழைகள் தெரிந்தன. தடுமாறும் ஆலையை நிலைக்குக் கொண்டுவருவது ஒன்று. நான் விலகிய பிறகும் அது நிலைத்து நிற்பது இன்னொன்று. இரண்டாவதுதான் என்னுடையது என்று எனக்குப் பட்டது, ஏனென்றால் முதலாவதைச் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் கிளம்பியதும் பழைய நிலை திரும்பிவிடும் என்ற அச்சம் எல்லா நிறுவனத் தலைமைக்கும் உண்டு.

முத்திரை தெளிவானதும் நான் முதலில் செய்தது விண்ணப்பிக்கும் இடங்களைக் குறைத்ததுதான். அதுவரை புதிய சந்தைகளைப் பிடிக்கும் பதவிகளுக்கும், புதிய ஆலை தொடங்கும் பதவிகளுக்கும்கூட அனுப்பியிருந்தேன். என் பலம் அங்கே இல்லை என்று நன்றாக அறிந்தவர் ஒருவரே எழுதிக் கொடுத்த பிறகு, அந்த வாசல்களில் நிற்பது இரு தரப்புக்கும் வீண். பிராண்டிங் என்றால் வாய்ப்புகளைப் பெருக்குவது என்று பலர் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் அது கதவுகளை மூடும் வேலையாகத்தான் தொடங்கியது, அந்த மூடலுக்கு மனம் ஒப்புவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

இந்த இடத்தில் லியொனார்டோ டா வின்சி ஏறத்தாழ 1482இல் மிலானின் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு எழுதிய கடிதம் நினைவுக்கு வருகிறது. உலகின் முதல் ரெஸ்யூமே என்று அதைச் சொல்வதுண்டு. எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், முற்றுகையின்போது அகழி நீரை வடிப்பது, கவச வண்டிகள் என்று போர்த்தொழில் சார்ந்த திறன்களையே அதில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கிறார். ஓவியமும் சிற்பமும் செய்வேன் என்பது கடைசியில் சில சொற்களில் வந்துபோகிறது. போர்கள் சூழ்ந்த ஒரு நாட்டை ஆள்பவருக்கு எது தேவை என்று அறிந்து எழுதிய கடிதம் அது. தம்மிடம் இருந்தவற்றில் மிகச் சிறந்ததையே பின்னுக்குத் தள்ள அவருக்கு மனம் வந்திருக்கிறது என்றால், பதினைந்து ஆண்டுக்கு முந்தைய பயிற்சிச் சான்றிதழ்களை நீக்க நான் ஏன் தயங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

புதிய ரெஸ்யூமே இரண்டு பக்கங்களில் முடிந்தது. பெயருக்குக் கீழே ஒரே வரி: “தடுமாறும் ஆலைகளை நிலைப்படுத்தி, நிலைத்து நிற்கச் செய்யும் இயக்கப் பிரிவுத் தலைவர்.” அதற்கடுத்த சுருக்கம் இப்படி இருந்தது: “குறித்த நாளில் சரக்கு அனுப்ப முடியாமல் தடுமாறிய மூன்று ஆலைகளை, ஒவ்வொன்றையும் 18 மாதங்களுக்குள் சீராக்கியவர். 1,400 பேர் பணியாற்றும் ஆலையில் குறித்த நாளில் அனுப்பும் விகிதத்தை 71 சதவீதத்திலிருந்து 94 சதவீதமாக உயர்த்தினார். பொறுப்பை ஒப்படைத்து ஓராண்டு கழித்தும் அது 92 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. ஒவ்வொரு ஆலையிலும் அடுத்த தலைவரை உள்ளிருந்தே உருவாக்கினார்.” இதில் பெயரடை எதுவும் இல்லை. ஆலோசகர் அறைக்குள் வாய்விட்டுச் சொல்லக்கூடிய வாக்கியங்களாக இருக்கின்றனவா என்று நானே உரக்கப் படித்துப் பார்த்து, மூச்சு முட்டிய இடங்களையெல்லாம் வெட்டினேன்.

ஒவ்வொரு பதவிக்குக் கீழேயும் முதலில் இரண்டு வரிகளில் நான் பொறுப்பேற்ற நாளில் அங்கே இருந்த நிலைமையை எழுதினேன்: ஆலையின் அளவு, யாருக்கு நான் பதில் சொன்னேன், என்ன கெட்டுப்போயிருந்தது. அதற்குப் பிறகுதான் செய்தவை, அதிகபட்சம் நான்கு. தொடக்கப் புள்ளி தெரியாமல் எண்ணுக்கு மதிப்பில்லை. 94 சதவீதம் என்று மட்டும் எழுதினால் 93லிருந்து வந்ததா 71லிருந்து வந்ததா என்பது படிப்பவருக்குத் தெரியாது. பழைய நிறுவனத்தின் விற்றுமுதலையும் வாடிக்கையாளர் பெயர்களையும் எங்கும் எழுதவில்லை; சதவீதமும் கால அளவும் போதுமானவையாக இருந்தன. முத்திரைக்குச் சான்றாகாத சாதனைகளை, அவை எனக்கு எவ்வளவு பிடித்தவையாக இருந்தாலும், எடுத்துவிட்டேன். முதல் பத்தாண்டுகள் ஐந்து வரிகளாகச் சுருங்கின. பராமரிப்புப் பிரிவில் இரவு ஷிப்ட் பொறியாளராக இருந்ததை மட்டும் ஒரு வரியில் விட்டுவைத்தேன். ஓடாத மெஷினோடு என் உறவு அங்கே தொடங்கியது.

இவ்வளவு கவனமாகச் செய்தும் ஓர் இடத்தில் தவறினேன். முதல் திருத்தத்தில் “கொள்முதல் செலவை 18 சதவீதம் குறைத்தேன்” என்று ஒரு வரி இருந்தது. எண் சரியானதுதான், கணக்கேடுகளில் அப்படித்தான் இருந்தது. ஒரு நிறுவனத்தின் நேர்காணலில் குழு உறுப்பினர் ஒருவர், அந்த ஆண்டில் உலோக விலையே இறங்கியிருந்ததே, அதைக் கழித்தால் உங்கள் பங்கு எவ்வளவு என்று அமைதியாகக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகளின் தொனி மாறியதை உணர்ந்தேன். 94 சதவீதத்தையும் அவர் இனி அதே கண்ணோடுதான் பார்ப்பார் என்பதும் புரிந்தது. அந்த வேலை கிடைக்கவில்லை. வேலை போனதைவிட, நான் கொடுத்த எண்ணைச் சரிபார்த்ததே இல்லை என்று ஒருவர் சொன்ன அந்த நம்பிக்கைக்கு நானே குறை வைத்துவிட்டேன் என்பதுதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. வீடு திரும்பியதும், விலை இறக்கத்தைப் பிரித்து மறுபடி கணக்கிட முயன்றேன். சப்ளையர்களை ஒருங்கிணைத்ததால் வந்தது ஏறக்குறைய ஏழு சதவீதம் என்று தெரிந்தது. அந்த ஏழு சதவீதத்தை மட்டும், அது எப்படி வந்தது என்ற விளக்கத்தோடு எழுதினேன். பிறகு எல்லா வரிகளையும் அதே சோதனைக்கு உட்படுத்தினேன்: இதில் சந்தையின் பங்கு எவ்வளவு, குழுவின் பங்கு எவ்வளவு, என் முடிவால் வந்தது எவ்வளவு, இதை உறுதிப்படுத்தக்கூடியவர் யார்? பதில் சொல்ல முடியாத இரண்டு வரிகள் அதோடு போயின. முத்திரை எவ்வளவு கூர்மையாக இருக்கிறதோ அவ்வளவு கூர்மையான கேள்விகள் வரும் என்பதை அந்த நேர்காணல் எனக்குக் கற்றுத்தந்தது.

வடிவமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பங்களை முதலில் உள்வாங்குவது மென்பொருள்தான். அட்டவணைகளிலும் தனிப் பெட்டிகளிலும் பக்கத்தின் தலைப்பகுதியிலும் இடும் விவரங்களைச் சில மென்பொருள்கள் தவறவிட்டுவிடும் என்பதால், ஒரே நெடுவரிசையில், எளிய தலைப்புகளோடு எழுதுவதே பாதுகாப்பு. என் பழைய நிறுவனத்தில் என் பதவிக்கு வெளியுலகில் யாருக்கும் புரியாத ஒரு பெயர் இருந்தது. அதை அப்படியே எழுதி, அதே வரியில் வழக்கமான பதவிப் பெயரையும் சேர்த்தேன். பெயரை மாற்றி எழுதுவது பின்னணிச் சரிபார்ப்பில் பிடிபடும். பக்கத்தில் விளக்கம் எழுதுவதில் தவறில்லை.

லிங்க்ட்இன் பக்கத்தையும் அதே வாரத்தில் திருத்தினேன். பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு அங்கே 220 எழுத்துகள் வரை இடம் இருக்கிறது. ஐந்து மாதமாக நான் அதில் முன்னாள் பதவியின் பெயரை மட்டும் வைத்திருந்தேன். ரெஸ்யூமேயின் முதல் வரியையே அங்கும் வைத்தேன், தேதிகள் இரண்டிலும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தேன். பரிந்துரைக்கு ஒப்புக்கொண்ட மூவருக்கும் புதிய ரெஸ்யூமேயை அனுப்பி, இதில் உங்களுக்கு உடன்பாடில்லாத வரி இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஒருவர் ஒரு வரியைத் திருத்தினார்: நான் உருவாக்கியதாக எழுதியிருந்த ஒரு பயிற்சித் திட்டத்தை எனக்கு முன்பே மனிதவளப் பிரிவு தொடங்கியிருந்தது. உடனே மாற்றினேன்.

புதிய ரெஸ்யூமே ஒன்பது இடங்களுக்குச் சென்றது. நான்கு இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. முதலில் என்னை அழைத்துப் பேசிய அதே ஆலோசகரின் வழியாக வந்ததும் அதில் ஒன்று. இப்போது நான் இருப்பது அந்த வேலையில்தான். இறுதி நேர்காணலில் அந்நிறுவனத் தலைவர் ரெஸ்யூமேயின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, நீங்கள் மாட்டிய பலகையில் எழுதுவது யார், அதிகாரிகளா தொழிலாளர்களா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் அரைமணி நேரத்துக்கு மேல் பேசினோம்.

வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வேலையை விட்ட மறுநாளே அலுவலக மின்னஞ்சலும் அறிக்கைகளும் நம் கைக்கு எட்டாமல் போய்விடுகின்றன, அவற்றை எடுத்துச் செல்வதும் சரியல்ல. ஆகவே இப்போதெல்லாம் ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் சொந்தக் குறிப்பேட்டில் மூன்று வரிகள் எழுதுகிறேன்: எந்த நிலையில் ஏற்றேன், எந்த நிலைக்கு வந்தது, அதில் சந்தையால் வந்தது போக எங்கள் பங்கு எவ்வளவு. நிறுவனத்தின் ரகசியம் எதுவும் அதில் இல்லை, என் வேலையின் அளவுகோல்கள் மட்டுமே. முன்பே இப்படிச் செய்திருந்தால், நான் முதன்முதலில் சீராக்கிய ஆலையின் எண்களும் இன்று ரெஸ்யூமேயில் இருந்திருக்கும். அது நடந்து பதினொரு ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்போது என்னோடு இருந்த இருவரிடம் கேட்டேன், இருவரும் இரண்டு வெவ்வேறு எண்களைச் சொன்னார்கள். அந்த ஆலைக்கு எதிரே எண் எதுவும் எழுதாமல், நடந்ததை மட்டும் ஒரு வரியில் எழுதி வைத்திருக்கிறேன்.